ஆவாரையைப் புதர்க் கணக்கில் எழுதாதீர்கள்: ஊராட்சிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

ஊராட்சி மன்றத் தலைவர்கள், வார்டு உறுப்பினர்கள், ஊராட்சிச் செயலர்கள், நூறு நாள் வேலையின் பணித்தளப் பொறுப்பாளர்கள் அனைவருக்கும்,

உங்கள் வேலைப் பட்டியலில் ஆண்டு தவறாமல் வந்துபோகும் ஒரு வரியைப் பற்றிப் பேசவே இதை எழுதுகிறேன். ‘புதர் அகற்றுதல்’ என்பது அந்த வரி. சாலையோரம், ஓடைக்கரை, மேய்ச்சல் புறம்போக்கு, சுடுகாட்டுப் பாதை என்று அந்த வேலை எங்கெல்லாம் நடக்கிறதோ, அங்கெல்லாம் முதலில் விழுவது ஆவாரை. அதற்கு முள் கிடையாது. கையால் வளைத்துப் பிடித்து ஒரே வெட்டில் சாய்த்துவிடலாம். ஜேசிபி வந்துவிட்டால் வெட்டக்கூட வேண்டாம், வாளியால் வழித்துக் கொண்டுபோய்விடும். இத்தனை சதுர மீட்டர் சுத்தம் செய்தோம் என்று எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) ஏறும். அந்தச் சதுர மீட்டர்களுக்குள் எத்தனை ஆவாரை போயிற்று என்று மட்டும் எந்தப் பதிவேட்டிலும் ஏறாது.

இதை வனத்துறைக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதக் காரணம் உண்டு. ஆவாரை அடர்ந்த காட்டுச் செடி அல்ல. ஊரை ஒட்டி, வண்டிப்பாதையின் இரண்டு பக்கமும், கல்லுங் கரடுமான தரிசிலும், யாரும் உழாத வரப்பு முடுக்கிலும் நிற்கிற செடி. அது நிற்கும் நிலத்தில் பெரும்பகுதி உங்கள் பொறுப்பில் இருக்கிற பொதுநிலம். வனக் காவலர் அதைக் காக்க வரப்போவதில்லை, பட்டாதாரருக்கும் அதில் அக்கறை இருக்க வாய்ப்பில்லை. அதை வைப்பதும் அழிப்பதும் உங்கள் ஒரு கையெழுத்தில் இருக்கிறது.

போகிப் பண்டிகையன்று உங்கள் ஊரில் என்ன நடக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். கொங்குப் பக்கத்திலும் சேலம், திண்டுக்கல், மதுரை வட்டாரங்களிலும் வேப்பிலை, பூளைப்பூ, ஆவாரம்பூ மூன்றையும் சேர்த்துக் கட்டி வீட்டு இறவாணத்திலும் மாட்டுக் கொட்டகையிலும் வயல் மூலையிலும் செருகிக் காப்புக் கட்டுகிறோம். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் ஆவாரம்பூ மாலை ஏறுகிறது. கொங்கில் பூப்பறிக்கும் நோன்புக்குப் பெண்பிள்ளைகள் கூட்டமாகப் போய்ப் பறித்து வருவதும் இந்தப் பூவைத்தான். ஊர் எல்லையில் நடந்து போய்ப் பறித்த பூவை இன்று பல ஊர்க்காரர்கள் சந்தையில் காசு கொடுத்துக் கட்டாக வாங்கி வருகிறார்கள். அந்தக் கட்டுகள் எங்கிருந்து வருகின்றன? இன்னும் ஜேசிபி போகாத ஏதோ ஓர் ஊரின் தரிசிலிருந்து. அந்த ஊரும் ‘சுத்தம்’ ஆகிவிட்டால் நம் பேரப்பிள்ளைகள் காப்புக் கட்டுக்கு எதை எடுப்பார்கள்?

எங்கள் ஊர் ஓடைக்கரையில் நடந்ததைச் சொல்கிறேன். கரை நெடுக ஆவாரை நின்றது. மார்கழியில் அந்தக் கரை முழுக்க மஞ்சளாக இருக்கும். மழைக்கு முன் ஓடையைத் தூர்வார வேண்டும் என்று வேலை வந்தது. வேண்டிய வேலைதான், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் தூர்வார வந்த வண்டி ஓடைக்குள் இறங்கியதோடு நிற்கவில்லை, கரை இரண்டையும் சேர்த்தே வழித்துவிட்டது. ஊர்ப் பெரியவர்கள் கேட்டதற்கு, “புதர்தானே, மறுபடி வந்துடும்” என்று பதில் சொன்னார்கள். வந்தது ஆவாரை இல்லை. முதல் மழையில் வெற்று மண் சரிந்து ஓடைக்குள்ளேயே இறங்கியது. அடுத்த மழையில் பார்த்தீனியம் முளைத்தது. அதற்குப் பின்னால் சீமைக்கருவேலம் தலை எடுத்தது. தூர்வாரிய ஓடை மறுபடி தூர்ந்துகொண்டிருக்கிறது. இதுதான் என் ஆற்றாமை. உங்களில் பலருடைய ஊரிலும் இதுவேதான் நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆவாரையின் பலம் அதன் வேரில் இருக்கிறது. ஆணிவேர் நேராகக் கீழே இறங்கிக் கல்லிடுக்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் கிணறு வற்றிய கோடையிலும் அது இலை வாடாமல் நிற்கிறது. அதனால்தான் சரிவான கரையில் மண் அதன் காலடியைவிட்டு எளிதில் நகர்வதில்லை. நீர் ஊற்ற ஆள் வேண்டாம், உரம் வேண்டாம், மருந்து வேண்டாம். மாடு சாதாரணமாக அதில் வாய் வைக்காது என்பதால் வேலியும் வேண்டாம். அரவக்குறிச்சியிலும் மணப்பாறையிலும் அருப்புக்கோட்டையிலும் விளாத்திகுளத்திலும் மானாவாரி நிலத்தைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. செம்மண், சரளை, கரிசல் எதிலும் பிழைக்கிற செடி. தண்ணீர் தேங்கும் பள்ளம் மட்டும் அதற்கு ஆகாது.

ஒரு காலை நேரத்தில் பூத்த ஆவாரைக்குப் பக்கத்தில் சற்று நேரம் நின்று பாருங்கள். ஐந்து மஞ்சள் இதழ், நடுவில் சின்னதும் பெரியதுமாகப் பத்துக் கேசரம். அவற்றில் கீழ்ப்பக்கம் வளைந்து நீண்டவை தனியாகக் கண்ணில் படும். இந்தப் பூவில் தேன் கிடையாது. மகரந்தமும் வெளியே தூளாகக் கொட்டிக் கிடக்காது. பைக்குள் அடைபட்டிருக்கும், பையின் நுனியில் மட்டும் சின்னத் துளை. மரத்தைத் துளைத்துக் கூடு கட்டுகிற கருவண்டு வந்து பூவைக் கட்டிப் பிடித்துத் தொங்கும். பூ அதன் எடையில் தாழும். அப்போது வண்டு இறக்கையை விரிக்காமல் உடம்பை மட்டும் அதிரவைக்கும். பறக்கும்போது கேட்கிற ரீங்காரம் வேறு, இது வேறு. கூர்மையாக, விட்டு விட்டுக் கேட்கும். அந்த அதிர்வில் துளை வழியே மகரந்தம் பீச்சி வண்டின் வயிற்றில் அப்பும். இரண்டு மூன்று அதிர்வு, அடுத்த பூ. வண்டின் கரிய வயிறு மஞ்சளாகிவிட்டிருக்கும்.

இது வேடிக்கை பார்ப்பதற்கு மட்டும் சொன்னதல்ல, உங்கள் ஊர் விவசாயிகளின் வருமானத்தைப் பற்றியது. கத்தரியும் தக்காளியும் இதே வகைப் பூக்கள். அவற்றின் மகரந்தமும் நுனித்துளைப் பைக்குள்தான் இருக்கிறது, அங்கேயும் அதிரவைக்கிற வண்டு வந்தால் காய்ப்பு நன்றாக இருக்கும். முருங்கைப் பூவுக்கு முக்கியமாக வந்து போவதும் இந்தக் கருவண்டுதான். முருங்கையை நம்பிப் பிழைக்கிற ஊராட்சிகள் எத்தனை இருக்கின்றன என்பது உங்களுக்கே தெரியும். காய்கறி பூக்காத மாதங்களில் இந்த வண்டுகள் எதை வைத்துப் பிழைக்கும்? வரப்பிலும் பாதையோரத்திலும் ஆவாரை போன்ற செடிகள் நின்றால்தான் அவை ஊரைவிட்டுப் போகாமல் இருக்கும். இன்னொரு பக்கம், வெண்மையும் இளமஞ்சளுமான வண்ணத்துப்பூச்சிகள் சில தம் முட்டையை ஆவாரை இலையில்தான் இடுகின்றன. புழு அந்த இலையைத் தின்றுதான் வளர்கிறது. செடியை வழித்தெடுத்துவிட்டுப் பள்ளிச் சுவரில் வண்ணத்துப்பூச்சி வரைந்து என்ன பயன்?

‘நாங்களும் மரம் நடுகிறோமே’ என்று நீங்கள் சொல்லலாம். நடுகிறீர்கள், மறுக்கவில்லை. 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் தொடங்கியது; மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து 33 சதவீதமாக உயர்த்துவது அதன் குறிக்கோள். நல்ல குறிக்கோள். ஆனால் மரத்துக்குக் கணக்கு வந்ததும் செடிக்குக் கணக்கில்லாமல் போய்விட்டது. மரக்கன்று நடக் குழி தோண்ட வேண்டும் என்பதற்காகவே அங்கே நின்ற ஆவாரையை அகற்றிய இடங்கள் உண்டு. நட்ட கன்றுக்குக் கூண்டு வைத்துப் படம் எடுக்கிறோம். பங்குனி வெயிலில் தண்ணீர் ஊற்ற டேங்கர் வராமல் கன்று காய்கிறது, அடுத்த ஆண்டு அதே குழியில் வேறு கன்று. அகற்றிய ஆவாரையோ யாரும் ஊற்றாமலே அங்கு நின்றது. எல்லா நிலமும் மரம் தாங்காது. வேம்பும் புங்கனும் வரக்கூடிய இடத்தில் அவற்றை நடுங்கள். சரளை மேட்டிலும் கல்லாங்குத்திலும் எது வருமோ அதற்கு இடம் விடுங்கள்.

சீமைக்கருவேலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2017-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை காட்டிய கண்டிப்பில் ஊர் ஊராக அதை வெட்டினோம். வெட்டிய இடங்களை இன்று போய்ப் பாருங்கள். வேரோடு எடுக்காத கட்டையெல்லாம் துளிர்த்துவிட்டது. நெற்றைத் தின்ற ஆடுமாடு போட்ட சாணத்திலும் புழுக்கையிலும் புதிதாக முளைத்தும்விட்டது. ஏன்? வெட்டிய இடத்தை நாம் வெறும் மண்ணாக விட்டோம். வெறும் மண் வெறுமையாக நிற்காது, முந்திக்கொள்கிறவனுக்குத்தான் இடம். கருவேலத்தை எடுத்த அதே மழையில் ஆவாரை, நொச்சி, ஆடாதோடை என்று நம் செடிகளின் விதையையும் கன்றையும் அங்கே இறக்கியிருந்தால், பின்னால் முளைக்கிற கருவேலங்கன்றைக் கையால் பிடுங்கினாலே போதும் என்ற நிலையாவது இருந்திருக்கும். அடுத்த முறை கருவேலம் அகற்ற மதிப்பீடு போடும்போது, அதன் கூடவே நம் செடி நடவையும் சேர்த்துப் போடுங்கள். ஒன்றில்லாமல் இன்னொன்று வீண் செலவு.

உங்கள் பக்கத்து நியாயங்களையும் நான் கேட்டிருக்கிறேன். பாம்பு வரும் என்கிறீர்கள். வீட்டை ஒட்டியும் அங்கன்வாடி, பள்ளி வாசலிலும் எந்தச் செடியும் அடர்ந்து மண்ட வேண்டாம். அங்கே வெட்டத்தான் வேண்டும். ஆனால் ஊருக்கு வெளியே அரை மைல் தள்ளி இருக்கிற தரிசில் பாம்பு யாரைத் தேடி வரப்போகிறது? வளைவில் வண்டி தெரிவதில்லை என்கிறீர்கள். உண்மை, வளைவுகளில் இடுப்புக்குக் கீழே கவாத்து செய்யுங்கள், ஆவாரை அதைத் தாங்கும். நூறு நாள் வேலைக்குக் காட்ட வேலை வேண்டும் என்கிறீர்கள். அதற்குத்தான் சொல்கிறேன்: செடியை வெட்டுவது ஒருநாள் கூலி. விதை எடுப்பது, நாற்று விடுவது, குழி போடுவது, நடுவது, போக்கு நடுவது, கவாத்து செய்வது, இவை ஆண்டு முழுக்கக் கூலி.

அந்தக் கூலியோடு முடிவதில்லை, பூவிலும் காசு இருக்கிறது. நாட்டு மருந்துக் கடை எதிலும் கேளுங்கள், உலர்ந்த ஆவாரம்பூ இருக்கும். நலங்கு மாவு என்றும் குளியல் பொடி என்றும் விற்கிற எல்லாவற்றிலும் பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கோடு ஆவாரம்பூவும் சேர்கிறது. பூவைப் பாசிப்பருப்போடு கூட்டு வைக்கிற வீடுகள் இன்னும் இருக்கின்றன. இதழைக் கொதிக்கவிட்டுத் தேநீர் போலக் குடிப்பவர்கள் நகரத்தில் பெருகிவருகிறார்கள். இலங்கையின் வறண்ட பகுதிகளில் இதே செடியை ரணவரா என்று பாக்கெட்டில் அடைத்துக் கடைகளில் விற்கிறார்கள். உங்கள் ஊர் மகளிர் குழு காலையில் பூப் பறித்து, உதறிப் பூச்சி போக்கி, வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் உலர்த்தி, ஈரம் புகாத டப்பாவில் அடைத்தால் அது சரக்கு. வெயிலில் காயவைத்தால் நிறம் வெளுத்துவிடும், வியாபாரி விலையைக் குறைப்பார். புகையும் தூசியும் படிகிற நெடுஞ்சாலை ஓரத்துச் செடியிலும், களைக்கொல்லி அடித்த இடத்திலும் பறிக்கக் கூடாது. இந்த ஒழுங்கெல்லாம் தெரிந்த பெண்கள் உங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். அவர்களுக்கு வேண்டியது செடி.

மருந்தைப் பற்றி மட்டும் நிதானமாகப் பேசுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். சித்த மருத்துவத்தில் ஆவாரைக் குடிநீர் என்று ஒன்று உண்டு. ஆவாரை, கொன்றை, நாவல், கடலழிஞ்சில், கோஷ்டம், கோரைக்கிழங்கு, மருதம்பட்டை சேர்ந்தது, நீரிழிவுக்குக் கொடுப்பது. அதை அறிந்த மருத்துவர் அளவறிந்து கொடுக்கட்டும். ‘ஆவாரை இருந்தால் சாவே இல்லை’ என்கிற மாதிரி மேடையில் பேசி, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு இதைக் குடிக்கச் சொல்வது ஆபத்து. மாத்திரையோடு சேர்த்துத் தாமாகக் குடித்தாலும் சர்க்கரை தாழ்ந்து மயக்கம் வர இடமிருக்கிறது. இலையும் நெற்றும் பேதியாக்கும் குணம் உள்ளவை. கர்ப்பிணிகள் கேட்காமல் எடுக்கக் கூடாது. செடியைக் காப்பாற்ற அதைச் சஞ்சீவி என்று சொல்ல வேண்டிய தேவை இல்லை. உள்ளதைச் சொன்னாலே போதும்.

ஒரு காலத்தில் இந்தச் செடியின் பட்டைமேல் ஒரு பெருந்தொழிலே நின்றது. ஆவாரம்பட்டையில் துவர்ப்புச் சத்து மிகுதி. அதை ஊறவைத்த நீரில்தான் திண்டுக்கல்லிலும் வட ஆற்காட்டிலும் தோல் ஷாப்புகள் தோலைப் பதனிட்டன. ஈஸ்ட் இந்தியா தோல் என்ற பெயரில் சென்னைத் துறைமுகம் வழியாகக் கப்பலேறிய சரக்கு அது. அந்தப் பெயருக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. புறம்போக்கில் பட்டை உரித்துச் சுமை கட்டிக் கொண்டுபோய்ப் போட்டவர்கள் ஊரின் ஏழை எளியவர்கள். பின்னால் தென்னாப்பிரிக்காவிலிருந்து வாட்டில் பட்டை வந்தது, அதற்கும் பின்னால் குரோமியம் வந்தது. பட்டைக்கு வாங்குவோர் குறைந்தார்கள்; அதோடு செடிக்கும் மதிப்பில்லை என்று முடிவுகட்டிவிட்டோம். விலை போகாததெல்லாம் களை என்றால், நம் பொதுநிலத்தில் மிஞ்சப்போவது ஒன்றுமில்லை.

இதன் இலைக்கும் வேலை இருந்தது. வெயிலில் நடப்பவர்கள் ஆவாரந்தழையைத் தலையில் வைத்து முண்டாசு கட்டினார்கள். குச்சியை ஒடித்துப் பல் துலக்கினார்கள். தழையை வயலுக்கு மிதித்தார்கள். கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்கிச் சொல்லும் 99 பூக்களில் ஆவிரையும் ஒன்று. மடலேறத் துணிந்த சங்க காலத் தலைவன் சூடிய மாலையிலும் ஆவிரை இருந்தது. இரண்டாயிரம் ஆண்டாக ஊரோடு ஒட்டிவந்த செடி இது. உங்கள் பதவிக் காலத்தில் அது உங்கள் ஊரைவிட்டுப் போகக் கூடாது.

இன்னொரு தென் மாநிலத்தைப் பாருங்கள். தெலங்கானா தனி மாநிலமானது 2014-இல். அந்த ஆண்டிலேயே தம் மாநிலப் பூவாக அவர்கள் தேர்ந்தது தங்கேடு, அதாவது நம் ஆவாரம்பூ. பதுகம்மா பண்டிகையில் பெண்கள் தட்டில் அடுக்கடுக்காகக் கோபுரம் போலக் கட்டுகிற பூக்களில் இதற்கு முதன்மையான இடம். நமக்குச் செங்காந்தள் மாநிலப் பூ. அதில் மாற்றம் கேட்கவில்லை. ஆனால் அங்கே மாநிலத்தின் அடையாளமான ஒன்று இங்கே ஜேசிபி வாளியில் போவது எந்த வகையில் சரி?

இனி, வளர்க்கிற முறையைச் சொல்கிறேன். சிரமமில்லாதது. மாசி, பங்குனியில் நெற்றுகள் பழுப்பேறிக் காகிதம் போல உலர்ந்து நிற்கும்; தட்டையாக, விதை இருக்கும் இடம் மட்டும் மேடாக இருக்கும். உங்கள் ஊரில் மிஞ்சியிருக்கும் செடிகளிலிருந்தே எடுங்கள், அந்த மண்ணுக்குப் பழகிய விதை அதுதான். பூச்சி துளைத்த விதைகளைக் கழித்துவிட்டு நன்றாக உலர்த்தி வையுங்கள். நர்சரியில் கன்றாக வாங்குவதானால் கவனம் வேண்டும். ஆவாரை என்று கேட்டால் வேறு ஏதாவது மஞ்சள் பூச்செடியைக் கொடுத்துவிடுவார்கள். இலைக்காம்பின் அடியில் இரு பக்கமும் காதுமடல் போல அகன்ற சிற்றிலை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் ஆவாரை. பூ புனல் வடிவில் இருந்தால் அது வெளிநாட்டு அலங்காரச் செடி, வாங்காதீர்கள்.

விதையின் தோல் கெட்டி. அப்படியே போட்டால் சில இந்த ஆண்டும் சில அடுத்த ஆண்டும் முளைக்கும். தண்ணீரைக் கொதிக்கவைத்து அடுப்பிலிருந்து இறக்கி, கொதி அடங்கியதும் விதையைப் போட்டு ஓர் இரவு அப்படியே விடுங்கள். காலையில் மிதப்பவற்றை வீசிவிட்டு ஊதியிருப்பவற்றை விதையுங்கள். ஊதாதவற்றை மறுபடி அதே போல ஊறவையுங்கள். செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் கலந்து பாலிதீன் பையில் நிரப்பி, பைக்கு இரண்டு விதை, விரல் நுனி ஆழம். நல்ல வெயில் படும் இடத்தில் பைகளை வையுங்கள். ஆணிவேர் பையைத் துளைத்துத் தரையில் இறங்கிவிடும் என்பதால் அவ்வப்போது பைகளை இடம் மாற்ற வேண்டும்; இல்லாவிட்டால் எடுக்கும்போது வேர் அறுந்து கன்று சாகும். இதே காரணத்தால், தரையில் வளர்ந்த செடியைப் பிடுங்கி வேறிடத்தில் நடுவதும் பலிக்காது.

ஆனி, ஆடியில் விதைத்தால் புரட்டாசியில் கன்று தயார். வடகிழக்குப் பருவமழை தொடங்கும்போது ஒரு அடிக் குழியில் நடுங்கள். தென்மேற்கு மழை நன்றாகப் பெறும் ஊர்களில் மாசி விதையைச் சித்திரையிலேயே நாற்றுவிட்டு ஆடியில் நடலாம். வேலியாக வேண்டுமானால் இரண்டடிக்கு ஒரு கன்று, பூவுக்காக என்றால் ஐந்தடிக்கு ஒன்று. முதல் ஆண்டு மழை பொய்த்தால் மட்டும் வாரம் ஒரு முறை தண்ணீர். பிறகு அதன் பாட்டுக்கு வளரும். பூத்து நெற்று உதிர்ந்த பிறகு முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டால் அடுத்த மழையில் அடர்ந்து துளிர்க்கும். ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பயறு வகையின் உறவுதான் என்றாலும் இதன் வேரில் தழைச்சத்து சேர்க்கும் முடிச்சுகள் வருவதில்லை. ஆகவே மண்ணுக்குச் சத்து வேண்டும் என்றால் வெட்டிய தழையை அங்கேயே போட வேண்டும், அள்ளி எரிக்கக் கூடாது. ஏரிக்கரையின் மேலே நட வேண்டாம். கரையைப் பார்வையிடவும் பழுது பார்க்கவும் வருகிறவர்களுக்கு இடைஞ்சல். ஓடையோரம், வண்டிப்பாதை, மேய்ச்சல் புறம்போக்கின் விளிம்பு, சுடுகாட்டுச் சுற்று, பள்ளிக்கூட வேலி, குப்பைக் கிடங்கைச் சுற்றிய வேலி, இவை போதும்.

இப்போது உங்களிடம் நான் கேட்பதை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, ‘புதர் அகற்றுதல்’ வேலைக்கு மதிப்பீடு போடும் முன் அந்த இடத்தை ஒரு முறை நடந்து பாருங்கள். உடன் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் மகளிர் குழுவிலிருந்து ஒருவரையும் அழைத்துப் போங்கள். எது நிற்க வேண்டிய செடி என்று அவர்கள் காட்டுவார்கள். அதில் சுண்ணாம்பையோ சிவப்புத் துணியையோ அடையாளம் வைத்துவிட்டு, வேலையாட்களிடமும் ஜேசிபி ஓட்டுநரிடமும் நேரில் சொல்லுங்கள். எழுதிக் கொடுத்த உத்தரவைவிட நேரில் நின்று சொல்கிற ஒரு வார்த்தைக்கு அங்கே வேலை நடக்கும்.

இரண்டாவது, உங்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் ஆவாரையை எழுதுங்கள்: எந்தச் சர்வே எண்ணில், ஏறக்குறைய எவ்வளவு நிற்கிறது என்று. எழுதாத சொத்துக்கு யாரும் பொறுப்பேற்பதில்லை என்பது உங்களைவிட வேறு யாருக்குத் தெரியும்?

மூன்றாவது, பொதுநிலத்தில் களைக்கொல்லி அடிப்பதை நிறுத்துங்கள். அது ஆவாரையோடு அதை நம்பி வரும் வண்டையும் சேர்த்துக் கொல்கிறது.

நான்காவது, மார்கழிக் கடைசியில் காப்புக்குப் பறிக்க வருகிறவர்களுக்கு ஒரு ஊர்க் கட்டுப்பாடு வையுங்கள். கொம்பை ஒடிக்கட்டும், செடியைப் பிடுங்க வேண்டாம். ஒரு செடியில் மூன்றில் ஒரு பங்கு பூவையாவது விதைக்கு விட வேண்டும். வெளியூர் வியாபாரிகள் வண்டி போட்டு அள்ளுவதற்கு ஊராட்சியின் அனுமதி வேண்டும். அதில் வரும் தொகை மகளிர் குழுவுக்குப் போகட்டும்.

ஐந்தாவது, ஆண்டுக்கு 500 கன்று. அதற்கு மேல் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட ஊராட்சிகள் இருக்கின்றன. ஊருக்கு 500 என்றால் ஒரே மழைக்காலத்தில் 60 லட்சம் ஆவாரை. வேறெந்தத் திட்டத்தாலும் இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு தரிசைப் பிடித்து நிறுத்த முடியாது.

இவை அனைத்துக்கும் அரசாணை வரக் காத்திருக்க வேண்டியதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டில் 6 முறை கிராமசபை கூட்டுகிறீர்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள். ஆவாரை நெற்று முற்றியிருக்கும் நேரமும் அதுதான். அன்றைய கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுங்கள்: “எங்கள் ஊராட்சிப் பொதுநிலத்தில் ஆவாரை புதர் அல்ல, அதை அகற்ற கிராமசபையின் ஒப்புதல் வேண்டும், ஆண்டுதோறும் 500 கன்று நடப்படும்.” இந்த மூன்று வரி போதும். கூட்டம் முடிந்த கையோடு வந்தவர்களை அழைத்துக்கொண்டு போய் விதை எடுங்கள். அக்டோபர் 2 கிராமசபைக்கு வரும்போது ஒவ்வொருவர் கையிலும் நடுவதற்கு ஒரு கன்று இருக்கட்டும்.

நீங்கள் செய்வீர்கள் என்ற நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். தீர்மானத்தை மினிட் புத்தகத்தில் ஏற்றும் நாளில் ஊரைக் கூப்பிட்டுச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். அடுத்து எந்தத் தலைவர் வந்தாலும், எந்த ஒப்பந்ததாரர் வந்தாலும், அது ஊரார் காதில் விழுந்த தீர்மானமாக இருக்கட்டும்.

அன்புடனும் உரிமையுடனும்,
கிராமசபையில் உங்கள் எதிரே அமரும் ஊர்க்காரன்